துரு தின்ற காருக்குள் ஒரு பந்தயக் கார்

பழைய கார் விளம்பரங்களைக் கிட் கார் கட்டுகிறவர்கள் படிக்கிற விதமே வேறு. "அடிப்பாகம் துரு தின்றுவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலே ஓட்டை. கூரைத் துணி கிழிசல். வருடாந்திரத் தகுதிச் சோதனையில் பெயில். ஆனால் எஞ்சின் கெட்டி" என்று ஒரு விளம்பரம் வந்தால் ஊரே அதைத் தாண்டிப் போய்விடும். பாகங்களாக வாங்கித் தன் கையாலேயே கிட் கார் கட்ட நினைக்கிறவருக்கு மட்டும் அங்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே போனை எடுப்பார். வேறு யாராவது முந்திக்கொண்டால்? அந்தப் பரபரப்பை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்துவிட்டால் நமக்கும் தொற்றிக்கொள்ளும். எனக்குத் தொற்றி வெகுநாளாகிறது!

பிரிட்டனில் இது ஒரு தனி உலகம். வார இறுதியானால் வீட்டை ஒட்டிய கராஜ்களின் கதவுகள் பாதி திறந்திருக்கும். உள்ளே ஒரு பக்கம், இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துச் செய்த புதுச் சட்டம். மறுபக்கம், பிரிக்கப்படுவதற்காக நிற்கும் ஒரு பழைய கார். சட்டத்தையும் ஃபைபர் பாடியையும் கிட் கம்பெனி கொடுக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக், ஸ்டியரிங், வயரிங் எல்லாவற்றையும் பழைய கார் கொடுக்கும். இந்தப் பழைய காரைத்தான் டோனர் கார் என்கிறார்கள். கட்டி முடித்த வண்டியின் நீண்ட மூக்கையும் வெளியே துருத்திய சக்கரங்களையும் பார்த்து எல்லாரும் வாய் பிளப்பார்கள். ஆனால் அது எப்படி ஓடும், எப்படி நிற்கும், எவ்வளவு செலவு வைக்கும், கடைசியில் எந்த நம்பர் பிளேட்டை மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் முடிவாகிவிடுவது டோனரை வாங்குகிற அந்த ஒரு மத்தியானத்தில். அந்த மத்தியானத்துக்குள் எட்டிப் பார்க்கத்தான் உங்களை அழைக்கிறேன்.

இந்தப் பித்துக்கு வயது அதிகம். 1922 முதல் 1939 வரை ஆஸ்டின் கம்பெனி 'ஆஸ்டின் 7' என்ற குட்டிக் காரைச் சுமார் 2,90,000 எண்ணிக்கையில் செய்தது. எஞ்சின் வெறும் 747 சிசி. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் புதுக் கார் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தக் குட்டிக் கார்களோ காயலான் கடை விலைக்குக் கிடைத்தன. அவற்றில் பாடி தனி, சேஸிஸ் தனி. போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டால், எஞ்சினும் சக்கரமுமாக ஓடத் தயாரான எலும்புக்கூடு கையில் இருக்கும். அதன்மேல் தகட்டை வளைத்துப் போர்த்தினால் பந்தயக் கார்! லண்டனில் பொறியியல் படித்த காலின் சாப்மன் என்ற இளைஞர் 1948-இல் பழைய ஆஸ்டின் 7 ஒன்றை இப்படித்தான் உருமாற்றினார். அதுதான் முதல் லோட்டஸ். பின்னாளில் ஃபார்முலா 1 களத்தையே ஆட்டிவைத்த லோட்டஸ், ஒரு டோனர் காரின் வயிற்றிலிருந்து பிறந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அதே ஆஸ்டின் 7-ஐ வைத்து ஸ்பெஷல் கார் கட்டுவது எப்படி என்று 1956-இல் ஒரு பள்ளி மாணவன் சிறு புத்தகம் எழுதி விற்றான். அவன் பெயர் ஜான் ஹேன்ஸ். உலகம் முழுக்க மெக்கானிக்குகள் மசிக் கையோடு புரட்டிய ஹேன்ஸ் கையேடுகள் அவரிடமிருந்து வந்தவைதான்.

சாப்மன் 1957-இல் லோட்டஸ் செவன் காரைக் கொண்டுவந்தார். முழுக் காராக வாங்கினால் பிரிட்டனில் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி நீங்களே கோத்துக்கொண்டால் வரி இல்லை. கோக்கும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால், பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை இந்த வட்டாரத்தில் இன்றும் உலாவுகிறது. 1973-இல் செவனின் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனியின் கைக்குப் போனது. கதவே இல்லாத, தரையோடு தரையாக ஊர்கிற அந்த வடிவத்தின்மேல் ஆசைப்படாத கிட் கார்க்காரர் குறைவு. ஆனால் கேட்டர்ஹாம் விலை எல்லாருக்கும் எட்டுமா?

அங்கேதான் 1996-இல் ஒரு புத்தகம் வெடித்தது. ரான் சாம்பியன் எழுதி ஹேன்ஸ் வெளியிட்ட அந்தப் புத்தகம், வெறும் 250 பவுண்டில் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டலாம் என்று அட்டையிலேயே அறிவித்தது. சட்டத்துக்குச் சதுரக் குழாய். மற்றதெல்லாம் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட். வெல்டிங் கற்றுக்கொள்ளாதவர்கள் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் நிறுத்திய கொட்டகைகளில் கார் முளைத்தது. லோகாஸ்ட் என்று அந்தக் கார்களுக்குப் பெயரே நிலைத்துவிட்டது.

ஏன் எஸ்கார்ட்? செவன் வடிவத்துக்கு எஞ்சின் நீளவாக்கில் உட்கார வேண்டும். அதன் முதுகோடு கியர்பாக்ஸ், அங்கிருந்து நடுவே ஒரு தண்டு, பின்னால் இழுக்கிற சக்கரங்கள். 1968-இல் வந்த முதல் எஸ்கார்ட்டும் 1980 வரை ஓடிய இரண்டாம் எஸ்கார்ட்டும் அச்சாக அப்படி. எளிமையான வண்டி, தெருவுக்குத் தெரு நின்றது. 1980-இல் மூன்றாம் எஸ்கார்ட் முன்சக்கரத்தால் இழுக்கும் காராக மாறிவிட்டது. இருந்த பழையவற்றை ரேலி ரசிகர்கள் பொக்கிஷமாக அள்ளிக்கொண்டார்கள். 1970-இல் லண்டனிலிருந்து மெக்ஸிகோ வரை நடந்த ரேலியை ஹன்னு மிக்கோலா வென்றது எஸ்கார்ட்டில்தானே! இன்று ஓர் இரண்டாம் எஸ்கார்ட்டை ஸ்பேனரோடு நெருங்கினால் ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள், வருவது நியாயமும்கூட. அடுத்து ஃபோர்டு சியரா வந்தது. 1982 முதல் 1993 வரை உற்பத்தி, பின்சக்கர இழுவை, ஐந்து கியர், பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன். கிறிஸ் கிப்ஸ் என்பவர் சாம்பியனின் சட்டத்தைச் சியராவுக்குத் தோதாக மாற்றி இன்னொரு ஹேன்ஸ் புத்தகமே எழுதினார். இப்போது சியராவும் அருகிவிட்டது.

டோனருக்கு ஒரு பருவம் உண்டு. பழையதாகி விலை விழுந்திருக்க வேண்டும். ஆனால் 'கிளாசிக்' என்று யாரும் கொஞ்சத் தொடங்கியிருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் பிடித்தால்தான் உண்டு. டோனர் தேடுகிற ஒவ்வொருவரும் அந்த இடைவெளியைத்தான் மோப்பம் பிடிக்கிறார்கள்.

சரி, உலகத்துக் கார்களெல்லாம் முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டால் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்களா? இல்லவே இல்லை. முன்னால் இருப்பதை அப்படியே கழற்றிப் பின்னால் வைத்தார்கள்! மினி காரின் முன்பக்கச் சட்டத்தை எஞ்சினோடு எடுத்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பொருத்தினால் நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார். 1967-இல் வந்த ஜிடிஎம் காரின் சூட்சுமம் அதுதான். மினியின் இயந்திரங்களை முன்பக்கமே வைத்துக்கொண்டு, மேலே ஃபைபர் கூடு மாட்டிய மினி மார்க்கோஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1966 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஓடி முடித்த ஒரே பிரிட்டிஷ் கார் எது தெரியுமா? அதுதான்! ஃபோர்டும் ஃபெராரியும் கோடி கோடியாகக் கொட்டிய மைதானத்தில் ஒரு மினியின் குட்டி எஞ்சின் இரவு முழுக்க அறுந்து விழாமல் ஓடியிருக்கிறது.

முன்னால் இருப்பதைப் பின்னால் வைக்கும் வித்தையை அமெரிக்காவில் செய்து காட்டியது மாசசூசெட்ஸில் இருக்கும் ஃபேக்டரி ஃபைவ் கம்பெனி. அவர்களின் 818 காருக்கு டோனர் 2002 முதல் 2007 வரை வந்த சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். டர்போ எஞ்சின் முன்னால் உட்கார்ந்து நான்கு சக்கரங்களையும் இழுத்த கார் அது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மொத்தமாகத் தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்து, இழுவையைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் என்று பூட்டிவிடுகிறார்கள். 818 என்ற எண் எதற்கு? அந்தக் கார் அத்தனை கிலோதான் இருக்க வேண்டும் என்று அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு! கலிஃபோர்னியாவிலோ புரூஸ் மேயர்ஸ் 1960-களிலேயே ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தரைத்தட்டை எடுத்து, நடுவே ஓர் அடிக்கு மேல் வெட்டி எறிந்து, மீண்டும் ஒட்டி, அதன்மேல் மணலில் பறக்கும் மேயர்ஸ் மேன்க்ஸ் பக்கிகளைக் கட்டவைத்தார். வேறொரு காரை அறுத்துக் குட்டையாக்கும் துணிச்சல் யாருக்கு வரும்!

கோயம்புத்தூர்க்காரர்கள் இதைப் படித்தால் சும்மா இருக்க மாட்டார்கள். 1980-களின் கடைசியில் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்து ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தாரே, அதுவும் இந்தச் சாதிதான். காய்கறி வாங்கப் போன 796 சிசி எஞ்சின் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் அலறியது. நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில். கோவையின் பந்தயத் தடத்துக்குக் கரியின் பெயரை வைத்தது எவ்வளவு பொருத்தம்!

இனி இன்றைய ராஜாவிடம் வருவோம். மஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வெளிவந்த இரண்டு இருக்கைத் திறந்த கார். எஞ்சின் நீளவாக்கில், இழுவை பின்சக்கரத்தில், நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். கிட் காருக்காகவே யாரோ வரம் வாங்கிச் செய்ததுபோல இருக்கிறது. இன்னொரு விசேஷம், இது துருப்பிடிக்கிற விதம்! பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு இதன் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியையும் பின்சக்கர வளைவையும் அரித்துவிடும். வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டும். சொந்தக்காரர் கைவிடுவார். ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்னும் பல்லாண்டு ஓடத் தயாராக இருக்கும். கூடு செத்து உயிர் மிஞ்சிய கார். டோனருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் பொறுங்கள். முதலில் கிட், அப்புறம்தான் டோனர். இந்த வரிசையை மாற்றவே கூடாது என்பது என் கட்சி. மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு காரை இழுத்துவந்து நிறுத்திவிட்டு, அதற்கு ஏற்ற கிட் தேடினால் கடைசியில் ஏதோ ஒன்றோடு சமரசம் ஆக வேண்டியிருக்கும். ஒவ்வொரு கிட் கம்பெனியும் எந்த மாடல், எந்த ஆண்டு, எந்த எஞ்சின், பவர் ஸ்டியரிங் தேவையா, ஏபிஎஸ் ஆகுமா என்று பட்டியல் வைத்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

கிளம்பியாயிற்று. பழைய சட்டை, டார்ச், ஜாக்கி, தரையில் விரிக்க ஒரு சாக்கு. விற்கிறவர் கதவைத் திறந்து சீட்டைக் காட்டுவார், பெயின்ட்டைக் காட்டுவார். வந்தவரோ எதையும் பார்க்காமல் நேரே பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விடுவார். பார்க்கவே அழகாக இருக்கும்! தொடக்க கால எம்எக்ஸ்-5 வண்டியின் 1.6 லிட்டர் எஞ்சின் என்றால் அவர் தேடுவது ஒரே ஒரு சாமானை. எஞ்சினின் முன்முகத்தில், கீழே, பெல்ட் ஓடுகிற கிராங்க் புல்லி. அதன் முகத்தில் பிளவுகள் இருக்கும். டார்ச்சைச் சாய்த்து எண்ண வேண்டும். நான்கா, எட்டா? நான்கு என்றால் குட்டை மூக்கு கிராங்க். 1991 வாக்கில் மஸ்டா மாற்றிய பழைய வடிவம். அதில் புல்லியைப் பிடித்து நிறுத்தும் சாவிப் பள்ளம் தேய்ந்து தளர்ந்துபோகும் பலவீனம் உண்டு. எட்டு என்றால் நீண்ட மூக்கு, பெருமூச்சு விடலாம். நான்காக இருந்தாலும் உடனே ஓடிவிட வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுப் புல்லியைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் போதும். நேராகச் சுழன்றால் பிழைத்தது. தள்ளாடினால் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள். ஒரு சின்னஞ்சிறு சக்கரத்தின் ஆட்டம் ஒரு காரின் தலையெழுத்தைச் சொல்லிவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து எந்தக் காரின் பானெட்டைத் திறந்தாலும் என் பார்வை முதலில் கீழேதான் போகிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நாம் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். டிக் டிக் என்று மேலே வால்வுப் பக்கத்திலிருந்து வரும் சத்தம் இந்த எஞ்சின்களின் பிறவிக்குணம்; ஆயில் ஏறியதும் அடங்கினால் பயமில்லை. ஆயில் மூடியைக் கழற்றினால் உள்ளே வெண்ணெய்போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா, புகைபோக்கியில் நீலப் புகை வருகிறதா, இரண்டாம் கியர் சூடான பிறகும் கரகரக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள்.

பிறகு பின்பக்கம். 1994 மாடல் முதல் 1.8 லிட்டர் எஞ்சினோடு பெரிய டிஃபரன்ஷியலும் வந்தது. கிட் காரில் முரட்டுத்தனமாக ஓட்டப்போகிறவர்களின் கண் அதன்மேல்தான். அதிலும், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை போகவிடும் லிமிடெட் ஸ்லிப் வகை கிடைத்தால் யோகம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி? பின்சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். எதிர்ச்சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதா. அதே திசையில் சுற்றினால்... அந்தக் கணத்தில் வாங்க வந்தவர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது! பேரம் இன்னும் முடியவில்லையே. அந்தச் சிரிப்பை அடக்குவதற்கு அவர் படுகிற பாடு இருக்கிறதே, டிக்கெட் போட்டு விற்கலாம்.

பாடியில் துரு இருந்தால் கவலையில்லை என்றேன். எல்லாத் துருவுக்கும் இது பொருந்தாது. சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் சப்ஃபிரேமும் விஷ்போன்களும் புதுக் காருக்குப் போகப்போகிறவை. அவற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ணங் என்றால் இரும்பு. தொப் என்றால் தகடு போய்விட்டது. கீழ் விஷ்போனில் ஒரு நீண்ட போல்ட் புஷ்ஷுக்குள் துருவேறி இறுகிக்கொண்டிருக்கும். கிட் கார்க்காரர்களின் எதிரிகளில் முதன்மையானது அது. வயரிங்கை யாராவது வெட்டி அலாரம், ஸ்பீக்கர் என்று ஒட்டுப் போட்டிருந்தால் விலையில் அடித்துக் குறைக்க வேண்டும். அந்த வயரிங் முழுதாக அப்படியே புதுக் காருக்குள் போய்ப் படுக்கப்போகிறது.

ஒரே காரை முழுசாக வாங்குவதா, எஞ்சின் ஓரிடத்தில் கியர்பாக்ஸ் ஓரிடத்தில் என்று பொறுக்குவதா? முழுக் கார்தான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. பெரிய சாமான்கள் எங்கும் கிடைக்கும். கிளட்ச் பெடலின் ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிளின் கொக்கி, ஸ்பீடோமீட்டர் வயரைப் பிடிக்கும் கிளிப், சாவியும் அதன் பூட்டும் — இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் போனால் காலும் காசும் தேயும். முழுக் காரில் எல்லாம் அதனதன் இடத்தில் காத்திருக்கும். ஸ்டியரிங் தண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோதினால் மடங்கி ஓட்டுநரின் மார்பைக் காப்பாற்றும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு இலவசமாகக் கூடவே வந்துவிடுகிறது.

காகிதம் பார்க்கும் கட்டம் சலிப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் பாதிப் பேரின் கனவு உடைவது இங்கேதான். பிரிட்டனில் காரின் பதிவுப் புத்தகத்துக்கு வி5சி என்று பெயர். அதில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் காரில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா? கடன் பாக்கி ஏதும் உண்டா? விபத்தில் காப்பீட்டுக் கம்பெனி தள்ளுபடி செய்த காரா? 2017 முதல் அங்கே ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகை. எஸ், என் வகைக் கார்களைச் சரிசெய்து ஓட்டலாம். பி வகையில் பாகங்களைக் கழற்றிக்கொள்ளலாமே தவிர, கூடு நொறுக்கப்பட்டாக வேண்டும். ஏ என்றால் மொத்தமும் நசுக்கலுக்குத்தான். லேசாகப் பாடி நசுங்கிய என் வகைக் கார் டோனருக்கு அருமையான தேர்வு. அடி சக்கரத்தில் பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம்பர் பிளேட்டுக்கு வருவோம். கிட் கம்பெனியிடமிருந்து வாங்கிய புதுச் சேஸிஸோடு, ஒரே டோனரிலிருந்து எடுத்த இரண்டு பெரிய பாகங்களாவது இருக்கின்றன என்று ஆதாரம் காட்டினால், டோனரின் வயதைக் குறிக்கும் நம்பர் கிடைக்கும். காட்ட முடியாவிட்டால் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் பிளேட். வயது தெரியாத வண்டி என்று அதற்குப் பொருள். அதனால்தான் அனுபவசாலிகள் டோனரை வாங்கிய ரசீதையும் சேஸிஸ் நம்பர் தெரியும்படி எடுத்த போட்டோக்களையும் ஃபைல் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். இதற்கெல்லாம் முன்னால் ஐவிஏ என்ற அரசுச் சோதனையைத் தாண்ட வேண்டும். பழைய எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக 2009-இல் கொண்டுவந்தது இது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு எதுவானாலும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும் என்ற அளவுக்கு நுணுக்கம். புகைச் சோதனையில் எந்த அளவுகோல் என்பதும் எஞ்சினின் வயதைப் பொறுத்தது. அப்படியானால் டோனரின் வயதைத் தேர்ந்தெடுக்கும்போதே பரீட்சையின் கடினத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

கார் வீட்டுக்கு வந்தாயிற்று. ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள்! தகுதிச் சான்றும் காப்பீடும் உயிரோடு இருந்தால் கொஞ்ச நாள் அதை ஓட்டுங்கள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது, சூடு எங்கே நிற்கிறது என்பதை உடல் கற்றுக்கொள்ளட்டும். பிரித்துக் கோத்த பிறகு ஒரு சத்தம் கேட்டால், பழைய வியாதியா புதிய வியாதியா என்று அப்போது சொல்லிவிடலாம்.

இனிதான் திருவிழா. எம்எக்ஸ்-5 வண்டியில் எஞ்சின் உட்கார்ந்திருப்பது முன் சப்ஃபிரேமின் மேல். டிஃபரன்ஷியல் இருப்பது பின் சப்ஃபிரேமில். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் முதுகெலும்பாகப் பிணைத்திருக்கிறது. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஸ்டியரிங் இணைப்பு, வயரிங், ஹேண்ட் பிரேக் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் விடுவித்து, கழற்றுகிற ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதி, கடைசியாகச் சப்ஃபிரேம் நட்டுகளையும் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டுகளையும் எடுத்துவிட்டால், காரைப் பிடித்துக்கொண்டிருப்பது எதுவுமே இல்லை. கதவு, பானெட், கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே போய் லேசான கூட்டை நாலைந்து பேர் சுற்றி நின்று பிடிக்கிறார்கள். ஒரு குரல் மூன்று எண்ணுகிறது. தூக்கு! கிரீச் என்று ஒரு முனகல், எங்கோ மறந்துபோன ஒற்றை வயரைப் பார்த்து "நிறுத்து, நிறுத்து" என்று ஓர் அலறல், வெட்டு, மறுபடி தூக்கு. கூடு மேலே போகிறது. கீழே எஞ்சின், கியர்பாக்ஸ், தண்டு, டிஃபரன்ஷியல், நான்கு சக்கரங்கள் ஒரே தொகுப்பாகத் தரையில் நிற்கின்றன. காலால் லேசாகத் தள்ளினால் உருள்கிறது! சுற்றி நின்ற வளர்ந்த மனிதர்கள் அத்தனை பேரும் கைதட்டிச் சிரிப்பார்கள். உலகத்தில் வேறெந்தக் கராஜிலும் இப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

இந்தத் தொகுப்பைப் பார்த்துத்தான் எம்இவி கம்பெனியின் ஸ்டூவர்ட் மில்ஸ் 2010 வாக்கில் எக்ஸோசெட் காரை வடிவமைத்தார். அதே போல்ட் துளைகளுக்கு நேராகத் துளை வைத்த குழாய்ச் சட்டம். அதைத் தூக்கிவந்து எலும்புக்கூட்டின்மேல் இறக்கிப் பூட்டினால் காரின் பெரும்பகுதி முடிந்தது. அதே எஞ்சின், அதே குதிரைசக்தி. எடையில் மட்டும் சில நூறு கிலோ காணோம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருக்கிற கூடு? அங்கேயும் லாபம். கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை இருந்தால் அதற்கு வரிசை கட்டி நிற்பார்கள். மேலே எழும்பும் முகப்பு விளக்குகள், கதவுகள், சீட்டுகள், கண்ணாடி எல்லாம் இன்னொரு எம்எக்ஸ்-5 வைத்திருப்பவருக்கு மருந்துபோல வேண்டியவை. பொறுமையாக விற்றால் டோனருக்குக் கொடுத்த பணத்தில் நல்ல பங்கு திரும்பிவிடும். கடைசியில் நசுக்கலுக்குப் போவது துருப்பிடித்த வெறும் தகடு மட்டும்.

ஆனால் காலம் ஓடுகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இப்போது எஸ்கார்ட் போன பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கிளாசிக் என்று கொஞ்சத் தொடங்கிவிட்டார்கள். நல்ல பாடியுள்ள ஒன்றைப் பிரிக்க எனக்கும் மனம் வராது, பிரிக்கவும் கூடாது. அதனால் கட்டுகிறவர்கள் 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கு நகர்கிறார்கள். மேலே எழும்பும் விளக்கு இல்லை என்பதால் கொஞ்சுகிறவர்களும் குறைவு, முன்பக்கச் சேஸிஸ் சட்டங்கள் இன்னும் மோசமாகத் துருப்பிடிக்கும் என்பதால் கைவிடப்படுவதும் அதிகம். டோனர் தேடுகிறவர்களுக்கு நல்ல செய்தி! வேறு சிலர் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் பக்கம் போயிருக்கிறார்கள். எனக்கு அது கனமான சரக்கு. இந்த வகைக் காருக்கு எடைதான் சத்துரு. நிசான் லீஃபின் மோட்டாரையும் பேட்டரியையும் எடுத்துப் பழைய கார்களில் பொருத்துகிறவர்களும் பெருகிவருகிறார்கள். அந்தக் கராஜ்களுக்குள்ளும் ஒருநாள் நுழைந்து பார்த்துவிட வேண்டும்.

என் தேர்வு எது என்று கேட்டால், 1.8 லிட்டர் எஞ்சின், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், யாரும் கத்திரி வைக்காத வயரிங், சுத்தமான வி5சி. சில் இரண்டும் பொடிப்பொடி. கூரைத் துணி கந்தல். சோதனையில் பெயிலாகி ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பாசி பிடித்து நின்றுகொண்டிருக்க வேண்டும். அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள். இன்று சாயங்காலமே டிரெய்லரோடு வந்து நிற்கிறேன்!